பேண்டுக்குப் பின்னால் நடக்கிற வண்டி

இடது கை ரசமட்டத்தை இரும்போடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை மரச் சக்கையை ஒரு நூல் தள்ளியது. கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுக்கோட்டுக்கு வந்தது, நின்றது, பிறகு கோட்டைத் தாண்டி நழுவியது. கை சக்கையை அரை நூல் பின்னுக்கு இழுத்தது. இந்தத் தடவை குமிழி நின்றது. கை அதை உடனே நம்பிவிடவில்லை. மட்டத்தைத் தூக்கி, முன்பின்னாகத் திருப்பிப் போட்டு, மறுபடியும் பார்த்தது.

வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள் அந்தக் கைகளில் முழங்கை வரைக்கும் இருந்தன. இடது கட்டைவிரல் நகம் எப்போதோ நசுங்கி, இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது. சுண்டுவிரல்கள் காலையில் எழுந்ததும் மடங்காது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் ஸ்பேனர் பிடிக்க வரும். இப்போது மத்தியானம் என்பதால் மடங்கின.

கைகளுக்கு மேலே கட்டைகளின் மேல் ஒரு பழைய காலத்துத் திறந்த கார் நின்றது. முன்னால் பெரிய உருண்டை விளக்குகள், பக்கத்தில் ஏறி நிற்கப் பலகை, பின்சீட்டுக்குப் பின்னால் மாப்பிள்ளை உயரமாக உட்கார மெத்தை வைத்த மேடு. தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு அது எழுபது வருஷத்து வண்டி. அடியில் படுத்துப் பார்க்கிறவனுக்கு அது குப்புறக் கவிழ்ந்து கூரை நசுங்கிய ஒரு ஏழு பேர் வண்டியின் டீசல் இன்ஜின், அதன் கியர் பாக்ஸ், அதன் ஸ்பிரிங்குகள். இப்போது அந்தக் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப்பிலிருந்து கழற்றியது. பெரிய பெட்டியின் வாயும் சின்னப் பெட்டியின் வாயும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கவேண்டும். இல்லாவிட்டால் நடுவில் சுற்றுகிற தண்டு வண்டியையே உதறும்.

அடியில் படுத்திருந்தவர் பெயர் சிவராஜ். செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம், புது வீடுகள் முடிகிற இடத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். இந்த வண்டியை அவர் ஏற்கெனவே ஒரு தடவை முடித்துக் கொடுத்தாகிவிட்டது. அது திரும்பி வந்திருந்தது.

ஐயம்பேட்டைக் காலனியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் கிளீனராகப் போனார். லாரி நடுவழியில் படுத்துக்கொள்ளும்போதெல்லாம் டிரைவர் டீக்கடைக்குப் போய்விடுவார். இவர் அடியில் நுழைந்து பார்ப்பார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிரிப்பதற்கு முன்னால் இரண்டு இரும்பும் சேர்கிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தால் திரும்ப மாட்டும்போது தவறாது என்பதை அவராகவே கண்டுபிடித்தார். பிறகு பட்டை ஸ்பிரிங் கட்டுகிற பட்டறையில் வேலை. பிறகு வெல்டிங். பிறகு சொந்தக் கொட்டகை.

பத்து வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒருவர் பழைய காரோடு வந்து நின்றார். பார்க்கப் பழசாக இருக்கவேண்டும், ஓட்டப் புதுசாக இருக்கவேண்டும் என்றார். சிவராஜ் செய்து கொடுத்தார். அந்த வண்டி கடற்கரைச் சாலையில் நூறில் போவதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். அதிலிருந்து போன் நிற்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து, பெங்களூரிலிருந்து, ஒரு தடவை துபாயிலிருந்து.

எல்லா வண்டியிலும் ஒரே தகராறுதான். பழைய சேஸ் குறுகல், புது இன்ஜின் அகலம். ஸ்டியரிங் தண்டு போகிற வழியில் எண்ணெய்த் தொட்டி வந்து நிற்கும். பானெட் மூடாது. பழைய சக்கரத்தின் ஓட்டைகளும் புது ஹப்பின் ஓட்டைகளும் வேறு வேறு. புதுசும் பழசும் எங்கேயும் தானாகப் பொருந்தியதில்லை. நடுவில் ஒரு இரும்புத் துண்டு வேண்டும். அந்தத் துண்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. இத்தனை வருஷமாக அவர் செய்தது அந்தத் துண்டுகளைத்தான். செய்து செய்து அலுத்துவிட்டது. ஒரு வண்டியை முடித்ததும் சந்தோஷமாக இருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது கொட்டகையில் இடம் காலியாகிறது என்பதுதான் முதலில் தோன்றுகிறது.

இந்த வண்டி கங்கையம்மாளுடையது. செவிலிமேட்டிலேயே விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதி மனையாகப் போனபின், அவர் புருஷன் இந்தக் காரை வாங்கி மாப்பிள்ளை அழைப்புக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவர் போனபின் கங்கையம்மாள் நடத்துகிறார், மகன் சத்யராஜ் ஓட்டுகிறான். பழைய இன்ஜினின் பிளாக் வெடித்ததும் சிவராஜிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

சிவராஜ் மற்ற எல்லா வண்டிக்கும் செய்ததையே இதற்கும் செய்தார். புது இன்ஜின், புது கியர் பாக்ஸ், முன்னும் பின்னும் காயில் ஸ்பிரிங், மழை இரவிலும் துல்லியமாகத் தெரிகிற வெள்ளை எல்.இ.டி. விளக்கு. இன்ஜின் மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் முறையாக ஏற்றியும் வாங்கினார். பாலத்தைத் தாண்டி வந்தவாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். எண்பதில் ஸ்டியரிங் ஆடவில்லை. பள்ளத்தில் இறங்கியது தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சத்யராஜ், "ப்ளைட்டு மாதிரி கீதுண்ணா" என்றான்.

வைகாசியில் முதல் ஊர்வலம். ஐயம்பேட்டையில், பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும். முன்னால் பேண்டு செட். டிரம்பெட்காரர்கள் முதலில், சின்ன டிரம்கள் நடுவில், கடைசியில் பெரிய டிரம்மோடு யேசுதாஸ். அவர் முதுகுக்குப் பின்னால் வண்டியின் பம்பர். மாப்பிள்ளை மேட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் மச்சான். அத்தை வீட்டு, மாமா வீட்டுப் பிள்ளைகள் சீட்டில் ஏறினார்கள். இடமில்லாதவர்கள் இடதுபக்கப் பலகையில் தொற்றிக்கொண்டார்கள், ஏனென்றால் வீடியோ அந்தப் பக்கமிருந்து எடுத்தார்கள். ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளவேண்டிய ஆள், யாரும் பார்க்காதபோது அதைக் கயிற்றால் காரின் பின்னால் கட்டிவிட்டு பீடி பற்றவைத்தான்.

நான்கு வீடு நகரும். நிற்கும். ஒரு பாட்டு, கொஞ்சம் ஆட்டம். மறுபடி நகரும். சத்யராஜ் கிளட்சைப் பாதி அழுத்தியே வைத்திருந்தான். பாதித் தெருவில் தீய்ந்த வாடை வந்தது. வண்டி இடதுபக்கம் சாய்ந்தே போனது. மாப்பிள்ளை ஒரு கையால் தலைப்பாகையையும் ஒரு கையால் மச்சானையும் பிடித்துக்கொண்டார். மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் சூடேறிய கிளட்ச் சட்டென்று கவ்வியது. இன்ஜின் திணறியது. அந்த இன்ஜினுக்கு ஒரு மூளை உண்டு. அணையப்போகிறோம் என்று தெரிந்தால் தானாக டீசலைக் கூட்டிக்கொள்ளும். கூட்டிக்கொண்டது. வண்டி ஒரு எம்பு எம்பியது. பம்பர் யேசுதாஸின் கெண்டைக்காலில் இடித்து, அவர் தன் டிரம்மின் மேலேயே குப்புற விழுந்தார். தோல் டொப்பென்று கிழிந்தது. தலைப்பாகை ரோட்டில் உருண்டது.

பொழுது விடிவதற்குள் அது எல்லார் போனிலும் ஸ்டேட்டஸ். "டிரம்முக்குள் டைவ்" என்று எழுதி, சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள்.

ஆனிக் கடைசியில் கங்கையம்மாள் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து விட்டு, அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஏம்பா சிவராஜு, நான் உன்ன ரேசு வண்டியா கேட்டேன்?"

"இல்லக்கா."

"வந்தவாசி வரைக்கும் ஓட்டிப் பாத்தியாமே. வந்தவாசியில எவனுக்குக் கல்யாணம்?"

சிவராஜ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"காஞ்சிபுரத்துல இருக்கற ஒரு பேண்டு செட்டும் என் வண்டின்னா வரமாட்டேன்றான். முன்னால நடக்க ஆள் இல்லாத வண்டிய எவன் கூப்புடுவான்? இந்த வண்டியதான் நம்பிக்கினு இருக்கறேன். சொல்றத கேட்டுக்கோ. தாஸு மறுபடி இதுக்கு முன்னால நடந்தா வண்டிய எடுத்துக்கினு போறேன். இல்லன்னா நீயே வச்சிக்கினு உள்ள கோழி வளத்துக்கோ."

"ஆவணிக்குள்ள பாக்கறேன்க்கா."

"பாக்கறது இல்ல. நடக்கணும்."

ஆடியில் கல்யாணம் இல்லை. அந்த ஒரு மாதம்தான் கையில் இருந்தது. சிவராஜ் முதல் இரண்டு நாள் எதையும் கழற்றவில்லை. ஸ்டூலைப் போட்டு வண்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். வேலையில் பிசகு இருந்திருந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு போல்ட் தளர்ந்திருக்கவில்லை, ஒரு வெல்டிங் விட்டிருக்கவில்லை. எல்லாம் சரியாகவே இருந்தது. நடக்கவேண்டிய வண்டியை ஓடுகிற வண்டியாகக் கட்டியிருந்தார், அவ்வளவுதான். இந்த வண்டியின் வாழ்நாளில் பெரும்பகுதி நிற்பதிலும், நின்ற இடத்திலிருந்து கிளம்புவதிலுமே போகும். வேறெந்த வண்டிக்காரரும் அதைக் கேட்டதில்லை. இவரும் யோசிக்கவில்லை.

முதல் கியரில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டாலும் வண்டி ஓட்டமும் நடையுமாகப் போகிறது. மேளத்துக்குப் பின்னால் ஜனம் நகர்வது அதில் பாதிகூட இல்லை. அதனால்தான் கிளட்ச் தேய்கிறது. சேற்றில் ஏறுகிற ஜீப்பில் இதற்கு ஒரு சின்னப் பெட்டி உண்டு. கம்பியைத் தள்ளினால் எல்லா கியரும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதைத் தேடி ஆற்காடு, ராணிப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தார். முன்சக்கரத்துக்குப் போகிற வாயைத் தகடு வைத்து அடைத்தார். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு குட்டைத் தண்டை லேத்தில் கடைந்து வாங்கினார். சின்னப் பெட்டியின் பின்வாய் ஒருபக்கமாக ஒதுங்கியிருந்ததால், பெட்டியையே மறுபக்கம் தள்ளித்தான் நிறுத்தவேண்டியிருந்தது. அதில் குட்டைத் தண்டு சாய்வாகப் போயிற்று. அறுபதைத் தாண்டினால் நடுங்கும். நடுங்குகிற ஒன்றைத் தெரிந்தே செய்வது அவருக்குப் பல்லில் கல் கடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் விட்டுவிட்டார். அறுபதில் போகப்போவதில்லை.

பின்னால் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பழைய பட்டை ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டார், இரண்டு பட்டை கூடுதலாக. ஒருபக்கம் அமுங்கினால் மறுபக்கத்தையும் சேர்த்து இழுக்கிற மாதிரி, மினி பஸ்ஸின் தடித்த குறுக்குக் கம்பி ஒன்றையும் பூட்டினார். முன்னால் காயில் ஸ்பிரிங் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்.

அவர் மனைவி கிருஷ்ணம்மாள் மத்தியானச் சோறு கொண்டுவந்தபோது, "செத்த ஏறி இடதுபக்கம் நில்லு" என்றார் சிவராஜ்.

"எதுக்கு?"

"சாயுதான்னு பாக்கணும்."

"என் ஒருத்தி கனத்துக்கே சாயும்னு நெனைக்கிறியா?"

"சாயாதுன்னு நெனைக்கிறேன். அதனாலதான் இன்னும் நாலு பேர் வேணும்."

கிருஷ்ணம்மாள் ரோட்டுக்குப் போய் நின்றார். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். டிபன் பையும் காய்கறிப் பையுமாக ஆறேழு பேர் இடதுபக்கப் பலகையில் தொற்றினார்கள். ஒருத்தி மேட்டில் ஏறி உட்கார்ந்து, "மாப்பிள எங்க?" என்று கேட்டாள். "மாப்பிள அடியில படுத்துக்கினு கீறாரு" என்றார் கிருஷ்ணம்மாள். சிரிப்பில் வண்டி குலுங்கியது. அடியில் சிவராஜ் ரசமட்டத்தைக் குறுக்குச் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். குமிழி கொஞ்சம் நகர்ந்தது. அவ்வளவு நகரலாம்.

"இறங்கிக்கங்கம்மா."

"அதுக்குள்ளயா? ஒரு ரவுண்டு போலாம்னு பாத்தோம்."

ஆடி முடிகிற வாரம் ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனார். யேசுதாஸ் வீட்டு வாசலில் சிவப்புக் கோட்டின் பொத்தான்களைத் தைத்துக்கொண்டிருந்தார். அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற மாதம் என்பதால் பேண்டுக்கு ஓய்வில்லை. இரண்டு பேரும் ஒரே காலனி. யேசுதாஸ் நாலு வயது மூத்தவர்.

"வாடா கொலகாரா" என்றார், தலையைத் தூக்காமல்.

"கால் எப்படி இருக்குது தாஸண்ணா?"

"காலு கீது. தோலுதான் போச்சி. என் தோல சொல்லல, டிரம்மு தோல சொல்றேன். என்னுது தானா வளந்துக்கிச்சி."

"வண்டிய மாத்திட்டேன். இப்ப நடக்குது."

"நல்லது. வாக்கிங் கூட்டினு போ."

"நீ ஒருதரம் முன்னால நடந்து பாக்கணும்ணா. நீ நடந்தாத்தான் கங்கையக்கா எடுத்துப்பாங்க."

யேசுதாஸ் ஊசியைக் கோட்டில் குத்தி வைத்தார். "டேய், எனக்கு முன்னால டிரம்மு. என் காலே எனக்குத் தெரியாது. பின்னாடி இன்னா வருதுன்னு திரும்பிப் பாத்தா அடி தப்பிடும். முப்பது வருசமா திரும்பாமதான் நடந்தேன். அன்னிலேர்ந்து எந்த வண்டி பின்னாடி வந்தாலும் கழுத்து தானா திரும்புது. பசங்க சிரிக்கறானுங்க."

சிவராஜ் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"நான் நடக்கமாட்டேன். ஒண்ணு பண்ணு. என் டிரம்ம மாட்டிக்கினு நீ நட. உன் வண்டிதானே. நான் ஓரமா நின்னு பாக்கறேன்."

"எனக்கு அடிக்கத் தெரியாதேண்ணா."

"உன்ன யாரு அடிக்கச் சொன்னது? சும்மா தூக்கினு நட. நீ அடிச்சா வண்டி நிக்காது, ஜனம்தான் ஓடும்."

அடுத்த நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு யேசுதாஸ் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். டிரம்முக்கும் ஒரு ஆள் இடம் பிடித்துக்கொண்டதற்கு டிரைவர் திட்டிவிட்டுப் போனான். யேசுதாஸ் டிரம்மின் வாரைச் சிவராஜின் தோளில் மாட்டி, முதுகுக்குப் பின்னால் கொக்கி போட்டார். கனம் முழுவதும் இடுப்பில் இறங்கியது. சிவராஜ் பின்னுக்கு வளைந்து நின்றார். குனிந்தால் தோல்தான் தெரிந்தது, பாதம் தெரியவில்லை. சத்யராஜ் வண்டியை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

"சின்னக் கம்பியத் தள்ளிட்டியா?"

"தள்ளிட்டேண்ணா."

"கிளட்ச விட்டுட்டுக் கால எடுத்துரு. நிக்கறதுக்கு மட்டும் மிதி."

நடந்தார்கள். புது வீடுகளின் வழியாக, வேலைவிட்டு வந்தவர்கள் கேட்டைத் திறக்கிற நேரத்தில். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, "இன்னா சார், கல்யாணமா?" என்று கேட்டார். "ஒத்திகை" என்றார் யேசுதாஸ். அவர் ஓரமாக நடந்துகொண்டு கையைத் தூக்கினால் சிவராஜ் நிற்பார், வண்டியும் நிற்கும். கையை இறக்கினால் நடப்பார். வண்டி இழுப்பில்லாமல் புறப்படும். மூன்று நான்கு தடவை. தீய்ந்த வாடை இல்லை. சத்யராஜ் கொட்டாவி விட்டான்.

"தூக்கம் வருதுபா. எனக்கு வேலையே இல்லியே."

ஐந்தாவது தடவை கிளம்பியபோது சிவராஜ் திரும்பிப் பார்த்தார்.

"திரும்பிட்டான்!" என்று யேசுதாஸ் கை தட்டினார். "அவன் கட்டின வண்டிய அவனே நம்பல! திரும்பிட்டான்!"

சிவராஜுக்கு முகம் சிவந்தது. வண்டி, பம்பருக்கும் அவருக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளியோடு, ஆடாமல் அசையாமல் வந்துகொண்டிருந்தது. அது அப்படித்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பல்லும் எத்தனை சுற்றுக்கு எத்தனை சுற்றும் என்று தெரியும். இருந்தும் கழுத்து திரும்பிவிட்டது. கொஞ்ச தூரம் நடந்தார், மறுபடியும் திரும்பியது. நடுமுதுகில் ஒரு இடம் கூசிக்கொண்டே இருந்தது.

வாரைக் கழற்றி டிரம்மை வண்டிப் பலகையின் மேல் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"வண்டியில ஒண்ணும் இல்லண்ணா. பின்ன ஏன் திரும்பினேன்?"

யேசுதாஸ் இப்போது சிரிக்கவில்லை. வண்டியின் முன்பக்கம் போய் நின்று, எரிந்துகொண்டிருந்த அந்தப் பெரிய உருண்டை விளக்குகளைப் பார்த்தார். பிறகு கொஞ்ச தூரம் தள்ளிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"நான் முன்னால போறவன்னு வச்சிக்கோ. எனக்குப் பின்னாடி நீ நில்லு. என் முதுகப் பாரு. இன்னா தெரியுது?"

சிவராஜ் எழுந்துபோய் நின்று பார்த்தார். "ஒண்ணும் தெரியல. இருட்டா இருக்குது."

"கீழ?"

"முட்டிக்குக் கீழ வெளிச்சமா இருக்குது."

"அதான். அன்னிக்கும் அப்படித்தான் இருந்திச்சி. இன்னாமோ ஒண்ணு இல்லியேன்னு நெனச்சிக்கினே நடந்தேன். பழைய லைட்டு இருந்தப்ப என் நிழலு முன்னால போறவன் கோட்டு மேல ரெண்டா விழும். வண்டி கிட்ட வந்தா ரெண்டும் பிரியும். தள்ளிப்போனா ரெண்டும் ஒட்டிக்கும். அத்தப் பாத்துக்கினே நடப்பேன். இப்ப யோசிச்சாதான் தெரியுது. யாரும் என்னக் கேட்டதும் இல்ல, நான் சொன்னதும் இல்ல."

சிவராஜ் விளக்கின் பக்கம் போகவில்லை. போய்ப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. அந்த வெள்ளை விளக்கை அவரே சுவருக்கு எதிரில் வண்டியை நிறுத்தி, கோடு போட்டு, வெளிச்சம் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடைகூட ஏறாதபடி பூட்டியிருந்தார். எதிரில் வருகிறவன் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அதுதான் முறை. இதற்கு எதிரில் யாரும் வரப்போவதில்லை. முன்னால் போகிறவர்கள் முதுகுகள்தான்.

"அத்த மாத்திட்டா நடப்பியாண்ணா?"

"மாத்து. அப்புறம் சொல்றேன்."

பழைய விளக்குகளின் உட்பக்கக் கிண்ணங்களும் மஞ்சள் பல்புகளும் பரணில் ஒரு சாக்குப் பையில் கிடந்தன. சிவராஜ் எதையும் எறிகிறவர் இல்லை. ஒரு கிண்ணத்தில் வெள்ளி மங்கி, ஓரத்தில் கறுத்திருந்தது. காலையில் ஏணி போட்டு ஏறி எடுத்தபோது முழங்கால் படபடவென்று சொடுக்கியது. பல்புகளைப் பூட்டி, கொட்டகையின் கதவைச் சாத்தி இருட்டாக்கி, வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். சுவரில் இரண்டு சிவராஜ் விழுந்தார்கள். வண்டியை நோக்கிப் பின்னால் ஒரு அடி வைத்தார். இரண்டு பேரும் விலகினார்கள். முன்னால் வந்தார், சேர்ந்தார்கள். ஒரு பக்கத்து நிழல் கொஞ்சம் வெளிறியிருந்தது, மங்கிய கிண்ணத்தால். அதை மாற்ற அவருக்கு மனசு இருந்தது, உடம்பு இல்லை. யேசுதாஸ் அந்த வெளிறிய நிழலுக்கே பழகியவர்தானே என்று விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் யேசுதாஸ் தனியாக வரவில்லை. கூட இரண்டு டிரம்பெட்காரர்கள், சிவப்புக் கோட்டோடு. இருட்டட்டும் என்று எல்லாரும் டீ குடித்துக் காத்திருந்தார்கள். பிறகு யேசுதாஸ் வாரைத் தோளில் மாட்டி, பம்பருக்கு முன்னால் போய் நின்றார். கையிலிருந்த கட்டையால் டிரம்மைத் தொட்டார். அடிக்கவில்லை.

"டேய் சத்யராஜு."

"இன்னாண்ணா?"

"போன வெளிய எடுத்த, வண்டிக்குள்ளயே வந்து ஒதைப்பேன்."

"ஐயோ, இல்லண்ணா. ரெண்டு கையும் ஸ்டியரிங்குலதான் கீது."

டிரம் ஒலித்தது. கொட்டகையிலிருந்து கங்கையம்மாள் வீடு வரைக்கும் ஒரே ரோடுதான், பஸ் நிறுத்தத்தைத் தாண்டி வலதுபக்கம் திரும்பவேண்டும். சிவராஜ் பக்கவாட்டில், யேசுதாஸின் தோளுக்கு நேராக நடந்தார். வண்டியை அவர் பார்க்கவில்லை. யேசுதாஸின் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். முதல் நிறுத்தத்தில் அந்தக் கழுத்து கொஞ்சம் விறைத்தது. காதுக்குக் கீழே நரம்பு எழும்பியது. புறப்படும்போது தலை ஒரு நூல் அளவுக்கு இடதுபக்கம் போயிற்று.  அதற்குமேல் திரும்பவில்லை, கண்கள் முன்னால் போகிறவன் கோட்டுக்கு வந்துவிட்டன. சிவப்புத் துணியில் இரண்டு நிழல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நடந்தன.

பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். ஜனம் கூடியது. யாரோ இரண்டு பேர் தெரியாத மாப்பிள்ளைக்காக ஆடவும் செய்தார்கள். மறுபடி கிளம்பினார்கள். திருப்பத்தில் வண்டி வளையும்போது நிழல்கள் ஒருவன் கோட்டிலிருந்து அடுத்தவன் கோட்டுக்குத் தாவின. யேசுதாஸ் தன் நடையைத் தானாகக் குறைத்துக்கொண்டார், நிழல்கள் திரும்பி வரும்வரை. பிறகு அடி ஏறியது. அதற்கப்புறம் அவர் வண்டியை மறந்துவிட்டார் என்பது சிவராஜுக்குத் தெரிந்தது. டிரம்பெட்காரன் ஒரு ஸ்வரத்தைத் தப்பாக ஊதியதற்கு அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். வண்டியை நினைத்துக்கொண்டிருக்கிறவன் அதைக் கவனித்திருக்க முடியாது.

சிவராஜ் பின்தங்கினார். கால் ஓய்ந்திருந்தது. அவர் கடைசி வீட்டை எட்டுவதற்குள் வண்டி கங்கையம்மாள் வாசலில் நின்று, சத்யராஜ் கீழே இறங்கியிருந்தான். கங்கையம்மாள் படியில் நின்றுகொண்டிருந்தார். வண்டியைப் பார்க்கவில்லை.

"இன்னாபா தாஸு?"

யேசுதாஸ் வாரைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். "யக்கா, ஆவணி மொத மூர்த்தத்துக்கு உன் வண்டி எங்க போவுது? எங்கள இன்னொரு எடத்துல கூப்புட்டுக்கினு இருக்கறாங்க. உன்னோட வர்றதா, அங்க போறதா, இப்பவே சொல்லிடு."

"என்னோடதான்" என்றார் கங்கையம்மாள்.

சிவராஜ் சத்யராஜிடமிருந்து சாவியை வாங்கினார். எண்ணெய் படிந்திருந்தது, வேட்டி முனையில் துடைத்தார்.

"அந்தச் சின்னக் கம்பிய ஊர்வலத்துக்குக் கீழ தள்ளணும்க்கா. வீட்டுக்குத் திரும்பறப்ப மேல. வண்டி நிக்கறப்பதான் தள்ளணும், நகர்றப்ப தொடக்கூடாது. அறுபதுக்கு மேல போனா நடுங்கும். போகவேணாம்."

"எதுக்குப் போறோம்?" என்று கங்கையம்மாள் கையை நீட்டினார். சிவராஜ் சாவியை அந்தக் கையில் வைத்தார்.